செய்ன் நதி ஊற்றில் 1,900 ஆண்டு பழைய மரக் கால்கள்: ரோமானியர் காலத்து கிராமக் கோயில் சொல்லும் கதை என்ன?

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், இரவு நேரத்தில் செய்ன் நதியின் மேல் ஒரு வெள்ளி நிறக் குதிரை பாய்ந்து சென்றது நினைவிருக்கிறதா? முதுகில் ஒலிம்பிக் கொடியைப் போர்த்தியபடி அதில் அமர்ந்து வந்த பெண் உருவம் யார் என்று அன்று உலகமே கேட்டது. அது செய்ன் நதியின் தெய்வமான செக்வானாவின் உருவகம் என்று விளக்கம் வந்தது.

செக்வானா என்பது விழாவுக்காகக் கற்பனை செய்த பெயர் அல்ல. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த நதி பிறக்கும் இடத்தில் அவருக்கு உண்மையிலேயே ஒரு கோயில் இருந்தது. கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், பிள்ளைக்காகத் தவித்தவர்கள் என எத்தனையோ பேர் அங்கே வந்து வேண்டிக்கொண்டார்கள். அவர்கள் செலுத்திய நேர்த்திக்கடன் உருவங்கள் ஆயிரத்துக்கும் மேல் மண்ணுக்குள் இருந்து கிடைத்திருக்கின்றன. அதில் நூற்றுக்கணக்கானவை மரத்தால் ஆனவை. அதுதான் ஆச்சரியம்.

ஒரு சின்ன கிராமத்துக் கோயிலை ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? மரம் எப்படி இத்தனை காலம் மக்காமல் இருந்தது? பார்க்கலாம்.

எங்கே இருக்கு இந்த இடம்?

பிரான்ஸின் கிழக்கே பர்கண்டி பகுதியில், டிஜான் நகரில் இருந்து வடமேற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், மரங்கள் சூழ்ந்த ஒரு சிறிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 450 மீட்டர் உயரம். அங்கே சில ஊற்றுகளில் இருந்து கசியும் தண்ணீர்தான் செய்ன் நதியின் தொடக்கம். அங்கே ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடை அது. அதுவே ட்ருவா, பாரிஸ், ரூவான் நகரங்களைக் கடந்து, சுமார் 775 கிலோமீட்டர் ஓடி ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது.

பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் இல்லை. ரோமானியர் காலத்திலும் இது நாட்டுப்புறம்தான். அப்போது இந்தப் பகுதி லிங்கோன்கள் என்ற கோல் இனக்குழுவின் எல்லைக்குள் இருந்தது.

கோல் மக்கள் யார்? ரோமானியர் எப்போது வந்தார்கள்?

இன்றைய பிரான்ஸையும் அதை ஒட்டிய சில பகுதிகளையும் பழைய காலத்தில் 'கோல்' என்று அழைத்தார்கள். ஆஸ்டரிக்ஸ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கெல்டிக் மொழி பேசிய பல இனக்குழுக்கள் அங்கே வாழ்ந்தன.

கி.மு. 58-ல் ஜூலியஸ் சீசர் படையெடுத்து வந்தார். கி.மு. 52-ல் அலேசியா கோட்டையில் கோல் படைகளின் தலைவர் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் சரணடைந்தார். அந்த அலேசியா இருந்ததும் செய்ன் ஊற்று இருக்கும் இதே கோட்-டோர் மாவட்டத்தில்தான். அதன்பிறகு சில ஆண்டுகளில் கோல் முழுவதும் ரோமின் கைக்குப் போனது.

இங்கேதான் வரலாற்றுக்கு ஒரு சிக்கல் வருகிறது. கோல் மக்களைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை அவர்களை வென்றவர்கள் எழுதியவை. சீசர் தன் போர்க் குறிப்புகளில் கோல் மக்களின் தெய்வங்களைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் மெர்குரி, அப்பல்லோ, மார்ஸ், ஜூபிடர், மினர்வா என்று ரோமானியப் பெயர்களாகவே அடுக்குகிறார். அந்த மக்கள் தங்கள் சாமிகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை அவர் எழுதவில்லை.

கோல் மக்களின் சமய குருமார்களான ட்ரூயிடுகளும் தங்கள் போதனைகளை எழுதி வைக்கவில்லை. மனப்பாடமாகவே கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் ரோமானியப் பேரரசர்கள் ட்ரூயிடுகளை ஒடுக்கினார்கள். ஆனால் ஊர்ச் சாமிகளை ரோம் பெரும்பாலும் தொந்தரவு செய்யவில்லை. பல சாமிகளுக்கு ரோமானியப் பெயர் ஒட்டிக்கொண்டது. சில சாமிகள் பழைய பெயரோடே தொடர்ந்தன. செக்வானா இந்த இரண்டாவது வகை.

ஆக, சாதாரண விவசாயியும் அவர் வீட்டுப் பெண்களும் என்ன நம்பினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்டிப் பிரயோஜனமில்லை. மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

கோயில் எப்படி இருந்தது?

ரோமானியக் கோயில் என்றதும் உயரமான மேடை, முன்பக்கம் படிக்கட்டு, வரிசையாகத் தூண்கள் என்ற காட்சிதான் நினைவுக்கு வரும். பிரான்ஸின் நீம் நகரில் இருக்கும் 'மேசோன் கரே' அப்படிப்பட்ட கோயில்தான்.

ஆனால் கோல் நாட்டின் கிராமப்புறக் கோயில்கள் வேறு மாதிரி. நடுவே சதுரமான கருவறை. அது கோபுரம் போல உயர்ந்து நிற்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்ந்த கூரையோடு ஒரு பிரகாரம். மேலே இருந்து பார்த்தால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம். இந்த வகைக் கட்டடத்தை ஆய்வாளர்கள் 'ஃபானம்' என்ற லத்தீன் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி பகுதிகளில் இப்படி நூற்றுக்கணக்கான கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்துள்ளன. ரோம் நகரத்திலோ இத்தாலியிலோ வழக்கமாகக் காணக்கூடிய அமைப்பு அல்ல இது.

ஒரு ஃபானம் நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க, அதே பர்கண்டியில் உள்ள ஓட்டன் நகருக்குப் போகலாம். அங்கே 'ஜேனஸ் கோயில்' என்று அழைக்கப்படும் கருவறையின் இரண்டு சுவர்கள் சுமார் 24 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

அதையும் எல்லா இடத்திலும் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. புதைந்த சுவரின் மேல் வளரும் பயிர் சீக்கிரம் மஞ்சளாகும். பழைய பள்ளத்தின் மேல் வளரும் பயிர் செழித்து உயரும். விமானத்தில் இருந்து பார்த்தால் கோயிலின் வரைபடமே வயலில் வரைந்தது போலத் தெரியும். 1960-களில் ரொஜே அகாஷ் என்பவர் வடக்கு பிரான்ஸின் பிகார்டி பகுதியில் இப்படிப் பறந்து படமெடுத்தே பல கோயில்களைக் கண்டறிந்தார்.

செய்ன் ஊற்றிலும் இப்படியொரு ஃபானம் இருந்தது. பள்ளத்தாக்கின் சரிவைப் படிகளாக வெட்டிக் கட்டியிருந்தார்கள். ஊற்று நீரைத் தொட்டிக்குக் கொண்டு வர வாய்க்கால், வருபவர்கள் ஒதுங்கத் தூண் மண்டபம் என்று ஒரு வளாகமே இருந்தது. கல் கட்டடங்கள் எல்லாம் ரோமானியர் ஆட்சி வந்த பிறகு எழுந்தவை.

அம்மன் எப்படி இருந்தார்?

1933-ல் இங்கே ஒரு வெண்கலச் சிலை கிடைத்தது. ஒரு படகு. அதன் முன்பகுதி வாத்தின் தலை, பின்பகுதி வாத்தின் வால். வாத்தின் அலகில் உருண்டையாக ஒரு பொருள். படகின் மேல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் ஆடையும் தலையில் கிரீடமும் அணிந்த ஒரு பெண், இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறார். வந்தவர்களை வரவேற்பது போன்ற தோற்றம்.

உடையும் முகமும் பார்த்தால் ரோமானியக் கலை. வாத்துப் படகு மட்டும் ரோமானியர் வழக்கத்தில் இருந்து வந்ததாகத் தெரியவில்லை. நீர்ப்பறவை உருவங்கள் கெல்டிக் கலையில் ரொம்பப் பழையவை. ஒரே சிலையில் இரண்டு உலகங்களும் கைகோத்து நிற்கின்றன. 'கோல்-ரோமானிய' என்று வரலாற்றாளர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்: ஒன்றை அழித்து இன்னொன்று வரவில்லை, இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று உருவானது.

அந்த உருவம் செக்வானாதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? சிலையில் பெயர் இல்லை. ஆனால் அதே இடத்தில் கிடைத்த கல்வெட்டுகளில் 'செக்வானா தேவிக்கு' என்ற வாசகம் இருக்கிறது. நதியின் பழைய பெயரும் செக்வானா. அதனால்தான் இந்த முடிவு.

பக்தர்கள் என்ன கொண்டு வந்தார்கள்?

இந்த இடத்தை மற்ற கோயில்களில் இருந்து தனித்துக் காட்டுவது கட்டடம் அல்ல, காணிக்கைகள்தான். கல், வெண்கலத் தகடு, மரம் என மூன்று வகைகளில் அவை கிடைத்திருக்கின்றன.

கல்லில்: தலைகள், கைகள், கால்கள், மார்பு, இடுப்பு, துணியில் சுற்றிய பச்சைக் குழந்தைகள். காணிக்கையைக் கையில் ஏந்தி நிற்கும் பக்தர்களின் உருவங்களும் உண்டு. சிலர் கையில் பணப்பை, சிலர் கையில் பழம். சின்ன நாய்க்குட்டியை அணைத்தபடி நிற்கும் குழந்தையின் சிலை ஒன்று இந்த இடத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது.

வெண்கலத்தில்: மெல்லிய தகட்டில் வெட்டிய கண்கள், மார்பகங்கள், பிறப்புறுப்புகள். தகட்டில் இரண்டு கண்களை மட்டும் புடைப்பாகச் செய்து கொடுத்தவர்கள் பலர்.

மரத்தில்: கால்கள், கைகள், தலைகள், முழு உருவங்கள், குதிரை, காளை போன்ற விலங்குகள். ஒரே கட்டையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் செதுக்கிய தலைகளும் உண்டு. ஒரு குடும்பமே சேர்ந்து கொடுத்ததாக இருக்கலாம். தலையோடு சேர்ந்த முக்காடுடன் தடித்த அங்கி அணிந்த உருவங்களும் இருக்கின்றன. குளிருக்கும் மழைக்கும் கோல் மக்கள் போட்டுக்கொண்ட உடை அது. நடந்து வந்த களைப்போடு அப்படியே வந்து நிற்பது போல இருக்கிறது. இன்னும் சில பலகைகளில் உடலுக்குள் இருக்கும் உறுப்புகளைச் செதுக்க முயன்றிருக்கிறார்கள். மூச்சுக்குழாய், நுரையீரல் போலத் தெரியும் வடிவங்கள் அவை.

நோய் தீர வேண்டிக்கொள்வது, தீர்ந்தால் சொன்னதைச் செலுத்துவது என்பதுதான் இதன் அடிப்படை. லத்தீனில் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு வழக்கமான வாசகமே இருந்தது. 'நேர்ந்துகொண்டதை மனமுவந்து, உரிய முறையில் செலுத்தினேன்' என்பது அதன் பொருள். ரோமானியப் பேரரசு முழுக்க நேர்த்திக்கடன் கல்வெட்டுகளில் நான்கே எழுத்தாக இதைச் சுருக்கிப் பொறித்தார்கள்.

எழுதத் தெரிந்தவர் பெயரையும் பொறித்தார். ரூஃபஸ் என்பவர் செக்வானா தேவிக்குக் கொடுத்ததாக எழுதிய ஒரு மண் குடம் கிடைத்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலத் தகட்டுக் காணிக்கைகளும், எண்ணூறுக்கும் மேற்பட்ட நாணயங்களும் இருந்தன. ஆனால் மரக் காலைக் கொண்டு வந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கால்தான் அவருடைய கையெழுத்து.

இதை வைத்து என்ன நோய் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கண் தகடுகள் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் கண் நோய் பரவலாக இருந்ததாக இருக்கலாம். இதற்கு வேறு ஒரு சான்றும் துணை நிற்கிறது. கண் மருந்துக் கட்டிகளின் மேல் மருத்துவர் பெயரையும் மருந்தின் பெயரையும் பதிக்கச் சிறு கல் முத்திரைகளைப் பயன்படுத்தினார்கள். ரோமானியப் பேரரசில் கிடைத்த இத்தகைய முத்திரைகளில் பெரும்பான்மை கோல் பகுதியில் கிடைத்தவை. கண் வைத்தியருக்கும் அங்கே வேலை இருந்தது, கண்ணைக் காக்கும் சாமிக்கும் வேலை இருந்தது.

சில உருவங்களில் நோய் நேரடியாகவே தெரிகிறது. வீக்கம், மூடிய கண்கள் என்று மருத்துவர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் நோய்ப் பட்டியலாக வாசிக்கக் கூடாது என்று எச்சரிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மரக் கால் என்றால் கால் வலி என்றுதான் அர்த்தமா? நெடுந்தூரம் நடந்து வந்ததைக் குறிக்கக் கூடாதா? துணியில் சுற்றிய குழந்தை உருவத்தைக் கொடுத்தவர் பிள்ளை வரம் கேட்டாரா, பிறந்த பிள்ளைக்கு நன்றி சொன்னாரா, நோயில் கிடந்த பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னாரா? பொருள் ஒன்றுதான், வேண்டுதல் மூன்று. குதிரையும் காளையும் பிழைப்புக்கான வேண்டுதலாகவும் இருக்கலாம். ஒரு விவசாயிக்கு மாடு படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும்.

மரம் எப்படி மக்காமல் இருந்துச்சு?

மரத்தை அழிப்பவை பூஞ்சையும் பாக்டீரியாவும். அவை வேகமாக வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். சேறும் தண்ணீரும் எப்போதும் நிறைந்திருக்கும் மண்ணுக்குள் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இருக்காது. அங்கே புதைந்த மரம் நூற்றாண்டுகள் தாங்கும். செய்ன் ஊற்றின் கீழ்ப்பக்கச் சதுப்பில் நடந்தது இதுதான். காணிக்கைகளில் பெரும்பாலானவை ஓக் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் செய்தவை என்பதும் உதவியது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை பத்திரம், வெளியே வந்த நிமிடத்தில் இருந்து ஆபத்து. 1,900 ஆண்டு ஊறிய மரத்துக்குள் உயிரணுச் சுவர்கள் பலவீனமாகி, தண்ணீர்தான் அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் சுருங்கி, வெடித்து, முகமே தெரியாமல் போய்விடும். அதனால் வெளியே எடுத்ததும் ஈரமாகவே வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் பதிலாக மெழுகு போன்ற பொருளையோ பிசினையோ மெதுவாக ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை அது.

மரம் கிடைத்ததால் இன்னொரு நன்மையும் உண்டு. காலத்தைக் கணிக்கலாம். மரக் காணிக்கைகள் பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல் காணிக்கைகளில் பல அதற்குப் பிந்தியவை. ஊர் மக்கள் கையில் கிடைத்த மரத்தைச் செதுக்கிக் கொடுத்த பழக்கம் முதலில் இருந்திருக்கிறது. கல் தச்சர்களும் கட்டடங்களும் பெருகிய பிறகு காணிக்கையும் கல்லுக்கு மாறியிருக்கிறது.

யார் தோண்டியது? எப்போது?

இந்த இடத்தின் அகழாய்வுக் கதையே தொல்லியல் துறை எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு பாடம்.

முதல் கட்டம் 1836 முதல் 1842 வரை. கோட்-டோர் தொல்பொருள் ஆணையத்தைச் சேர்ந்த ஆன்றி போதோ தலைமையில் தோண்டினார்கள். ரூஃபஸின் குடம் கிடைத்தது இந்தக் கட்டத்தில்தான். சுவர்களின் வரைபடம், கல் உருவங்கள் என நிறையக் கிடைத்தன. ஆனால் அன்றைய வழக்கப்படி சுவரைத் தொடர்ந்து தோண்டிப் போவதும் நல்ல பொருளை எடுத்து வைப்பதுமே முறை. எந்தப் பொருள் எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற பதிவு குறைவு. கிளறிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

இரண்டாம் கட்டம் 1920-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஆன்றி கோரோ நடத்திய இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகத்தான் 1933-ல் செக்வானா வெண்கலச் சிலை வெளியே வந்தது. அதோடு ஒரு ஃபான் சிலையும் இருந்தது. ஃபான் என்பது ரோமானியர்களின் காட்டுத் தெய்வம்.

மூன்றாம் கட்டம்தான் பெரிய திருப்பம். 1963-ல் டிஜானில் பேராசிரியராக இருந்த ரோலான் மார்ட்டன் தலைமையில் நடந்த ஆய்வில், சேற்று மண்ணுக்குள் இருந்து மரக் காணிக்கைகள் கும்பல் கும்பலாக வெளியே வந்தன. அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தப் பணி தொடர்ந்தது. இந்த மர உருவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பட்டியலிட்ட சிமோன் தெய்ட்ஸ் அதை 1983-ல் நூலாக வெளியிட்டார். கல், வெண்கலக் காணிக்கைகளையும் பின்னர் அவரே தொகுத்தார்.

127 ஆண்டு இடைவெளியில் ஒரே பள்ளத்தாக்கு. முதலில் தோண்டியவர்களுக்குப் பொருள்கள் கிடைத்தன. பின்னால் வந்தவர்களுக்கு மனிதர்கள் கிடைத்தார்கள்.

இது மட்டும்தானா? வேறு இடங்களும் இருக்கா?

இருக்கின்றன. மூன்றாம் கட்ட ஆய்வு முடிந்து சில ஆண்டுகளுக்குள், 1968-ல், மத்திய பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் நகருக்குப் பக்கத்தில் உள்ள சமாலியேரில் இன்னொரு ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த மரக் காணிக்கைகள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் பீச் மரம். அவையும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே பெரிய கோயில் கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீரும் நம்பிக்கையும் இருந்தால் போதும், கோயில் பிறகுகூட வரலாம் என்பதற்கு அது சாட்சி.

அதே சமாலியேரில் 1971-ல் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஈயத் தகடு கிடைத்தது. அதில் லத்தீன் எழுத்தில் கோல் மொழி எழுதப்பட்டிருந்தது. அழிந்துபோன அந்த மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் நீளமான வாசகங்களில் அது ஒன்று. சீசர் வந்து நூறு ஆண்டு கடந்த பிறகும் மக்கள் சாமியிடம் தங்கள் சொந்த மொழியில்தான் பேசினார்கள் என்பது அந்தச் சின்னத் தகட்டால் தெரிந்தது.

எல்லாக் கோயிலும் நோய் தீர்க்கும் கோயில் அல்ல. வடக்கே கூர்னே-சூர்-அரோந்த் என்ற இடத்தில் 1977 முதல் 1984 வரை நடந்த ஆய்வில், வேண்டுமென்றே வளைத்து உடைக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட ஆயுதங்களும் பலியிட்ட மாடுகளின் எலும்புகளும் கிடைத்தன. அது ரோமானியருக்கு முந்தைய, போர் சார்ந்த கோல் கோயில். அதே இடத்தின் மேல்தான் பின்னர் ரோமானியர் காலத்து ஃபானம் எழுந்தது. ஆட்சி மாறியது, கட்டடம் மாறியது, புனிதமான இடம் மட்டும் மாறவில்லை.

செக்வானா கோயில் எப்படி முடிவுக்கு வந்தது?

இங்கே கிடைத்த நாணயங்கள் கி.பி. 4-ம் நூற்றாண்டு வரை வருகின்றன. அந்த நூற்றாண்டில்தான் பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறியது. 391, 392-ம் ஆண்டுகளில் பேரரசர் தியோடோசியஸ் பலியிடுவதையும் பழைய கோயில்களில் வழிபடுவதையும் சட்டம் போட்டுத் தடை செய்தார். துர் நகர ஆயர் மார்ட்டின் கோல் நாட்டுக் கிராமக் கோயில்களை இடித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு பெருமையாகவே சொல்கிறது. அதே காலத்தில் பேரரசின் பொருளாதாரமும் பாதுகாப்பும் தள்ளாடின. கூட்டம் குறைந்து தானாகவே கைவிடப்பட்ட கோயில்களும் பல.

6-ம் நூற்றாண்டில் ஊற்றில் இருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிறிஸ்தவ மடம் எழுந்தது. அதை நிறுவிய துறவியின் பெயர் லத்தீனில் செக்வானுஸ். இன்று அந்த ஊரின் பெயர் சான்-செய்ன்-லபே. தெய்வம் போய்விட்டது. பெயர் அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை.

இப்போ அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அந்த நிலம் 1864 முதல் பாரிஸ் மாநகராட்சிக்குச் சொந்தம். தலைநகருக்கு வாழ்வு கொடுத்த நதி பிறக்கும் இடம் என்பதற்காக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் வாங்கி, செயற்கைக் குகை ஒன்று கட்டி, சாய்ந்து படுத்திருக்கும் நீர்த்தேவதை சிலையை வைத்தார்கள். சிற்பி பிரான்சுவா ஜூஃப்ருவா. 1934-ல் அதற்குப் பதிலாக நகல் வைக்கப்பட்டது. போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வது இந்தத் தேவதையோடுதான். அவர் செக்வானா அல்ல, 19-ம் நூற்றாண்டின் கற்பனை.

உண்மையான செக்வானா டிஜான் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பழைய சான்-பெனீன்யு மடத்தின் கட்டடத்தில் அந்த அருங்காட்சியகம் இயங்குகிறது. வாத்துப் படகுச் சிலை, நாய்க்குட்டியோடு நிற்கும் குழந்தை, மரக் கால்கள் எல்லாம் அங்கேதான்.

இதெல்லாம் இன்றைக்கு ஏன் முக்கியம்?

காரணம் இன்னும் தோண்டப்படாத கோயில்கள். கிராமப்புறக் கோயில்களில் பக்தர்கள் நாணயங்களை இறைத்துவிட்டுப் போனார்கள். அதனால் உலோகம் கண்டறியும் கருவியோடு இரவில் வயலில் நடப்பவர்களுக்கு இவை முதல் குறி. பிரான்ஸில் 1989-ல் வந்த சட்டப்படி, பழம்பொருள் தேட இந்தக் கருவியைப் பயன்படுத்த அரசின் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாமல் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு காசு போனால் என்ன, நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் கருவறைக்கு முன்னால், குறிப்பிட்ட மண் அடுக்கில், ஒரு மரக் காலின் பக்கத்தில் கிடக்கும் காசுதான் அந்தக் கால் எந்தக் காலத்தது என்று சொல்லும். எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டால் அது வெறும் உலோகம். கூடவே, அதைத் தோண்டக் கிளறிய குழியில் காற்று புகுந்து, பக்கத்தில் இருந்த மரமும் மக்கத் தொடங்கும்.

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாதது. சதுப்பை வடித்து விவசாய நிலமாக்கினாலோ, வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கினாலோ, நூற்றாண்டுகளாக ஈரத்தில் பத்திரமாக இருந்த மரம் சில ஆண்டுகளில் தூளாகிவிடும். யாரும் திருடவில்லை, யாரும் இடிக்கவில்லை. ஆனால் பின்னால் தோண்டுபவர்களுக்கு அங்கே எதுவும் இருக்காது.

கோட்டை, அரண்மனை, போர்க்களம் பற்றி எழுத சீசர் இருந்தார். கண் மங்கிப்போன கிழவிக்கும், காலை இழுத்துக்கொண்டு மலையேறிய உழவனுக்கும், பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்த தாய்க்கும் எழுத ஆள் இல்லை. அவர்கள் சொன்னது ஒரு மரத்துண்டில் இருக்கிறது. 1963-ல் அந்தச் சேறு காய்ந்திருந்தால் அதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.